பந்தயக் காலுக்குப் பல்டி வருமா?

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர் அவர். அதே தொடரில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம், 500 மீட்டரில் வெண்கலம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் விடிந்தும் விடியாமலும் சக்கரக் காலணியோடு வட்டமடிக்கிற பிள்ளைகளுக்கு இனி அண்ணாந்து பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நிற்கிற பெற்றோருக்கோ வேறொரு யோசனை ஓடும்: ‘இவ்வளவு வேகமாகப் போகிறாளே, சரிவுமேடையில் ஏறி அந்தரத்தில் சுழல்கிற வித்தையும் இவளுக்குச் சுலபமாக வந்துவிடாதா?’

நல்ல கேள்வி. உடலைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஒரு பெரிய நம்பிக்கையை அது உரசிப் பார்க்கிறது. ‘விளையாட்டுத் திறமை’ என்று பொதுவாக ஒன்று உண்டு, அது உள்ளவருக்கு எந்த ஆட்டமும் கைவரும் என்பது அந்த நம்பிக்கை. 1901-லேயே எட்வர்ட் தார்ன்டைக், ராபர்ட் உட்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு எதிராக எழுதினார்கள். ஒரு பயிற்சி இன்னொன்றுக்கு உதவுவது, இரண்டுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குத்தான் என்றார்கள். பின்னாளில் கலிபோர்னியாவில் ஃபிராங்க்ளின் ஹென்றி இதையே உடல் அசைவுக்கும் பொருத்தினார்: ஓர் அசைவில் கெட்டிக்காரர் இன்னொன்றிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பனிச்சறுக்கைவிட நல்ல களம் கிடையாது. நமக்கும் பனிக்கும் உள்ள உறவு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குள் உறையவைத்திருக்கும் செயற்கைப் பனியோடு முடிந்துவிடும். ஆனாலும் அங்கே நடந்திருப்பது நமக்கு நேரடியாகப் பயன்படும் பாடம். ஒரே மலை, ஒரே பனி, காலில் அதே இரண்டு பலகைகள். ஆனால் ஆட்டம் இரண்டு. ஆல்பைன் எனப்படும் பந்தயத்தில் கடிகாரம்தான் நடுவர். கொடிக்கம்புகளைச் சுற்றி வளைந்து யார் முதலில் கீழே வருகிறார் என்பதே கணக்கு. ஃப்ரீஸ்டைலில் தாவல், சுழற்சி, பல்டி. அப்படியானால் உலகிலேயே சிறந்த பனிப்பந்தய வீரர் ஃப்ரீஸ்டைலுக்குப் போனால் வெல்வாரா?

விடை சொல்லுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃப்ரீஸ்டைல் என்ற ஒரே கூரையின் கீழ், ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத பல ஆட்டங்கள் இருக்கின்றன. மேடுபள்ளங்கள் மேல் குதித்து இறங்கும் மொகல்ஸ் 1992-ல் ஒலிம்பிக்ஸுக்கு வந்தது. அந்தரத்தில் பல்டியடிக்கும் ஏரியல்ஸ் 1994-ல். நான்கு பேர் ஒன்றாக ஓடும் ஸ்கீ கிராஸ் 2010-ல். ஹாஃப்பைப், ஸ்லோப்ஸ்டைல் இரண்டும் 2014-ல், பிக் ஏர் 2022-ல். கேள்வியை ஒவ்வொன்றிடமும் தனியாகத்தான் கேட்க வேண்டும்; இங்கே முதலில் சொன்ன மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஸ்கீ கிராஸில் விடை தெளிவு: ஆம். அமெரிக்காவின் டாரன் ரால்வ்ஸ் 2001-ல் சூப்பர்-ஜி என்ற ஆல்பைன் பந்தயத்தில் உலக சாம்பியன். ஆல்பைனிலிருந்து விலகிய பிறகு ஸ்கீ கிராஸுக்கு வந்தார். 2008-ல் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் தங்கம், 2010-ல் வான்கூவர் ஒலிம்பிக்ஸில் இடம். ஓஃபெலி டேவிட் 1994 ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்காக ஆல்பைனில் ஓடியவர். பிறகு பிரான்ஸுக்காக ஸ்கீ கிராஸில் இறங்கி எக்ஸ் கேம்ஸில் நான்கு முறை வென்றார். ஸ்கீ கிராஸ் பெயரளவில்தான் ஃப்ரீஸ்டைல். உள்ளே இருப்பது பந்தயம். பலகையின் ஓரத்தைப் பனியில் அழுத்தி வளைவது, வேகத்தைக் கையில் வைத்திருப்பது, தாவலில் அதிகம் எழும்பாமல் இறங்குவது எல்லாம் ஏற்கெனவே கற்றவை. புதிதாகப் பழக வேண்டியது பக்கத்தில் முட்டிமோதி வருகிற மூவரை மட்டும்.

மொகல்ஸில் பாதி ஆம். அதன் மதிப்பெண்ணில் 60 விழுக்காடு வளைவுகளுக்கு, 20 விழுக்காடு வேகத்துக்கு, மீதி 20 தாவல்களுக்கு. ஓரம் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு பிடிமானம் உண்டு, ஆனாலும் அந்த வளைவுகள் வேறு சாதி. பந்தயத்தில் 30 மீட்டர் ஆரத்துக்கு வடிவமைத்த நீளப் பலகையில் பெரிய வளைவு போட்டுப் பழகியவர், இங்கே முழங்கால் மார்பைத் தொடும்படி நொடிக்கு நொடி மடங்கி விரிய வேண்டும்.

ஏரியல்ஸுக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஏரியல்ஸ் தங்கம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் அலிசா கேம்ப்ளின். மெல்போர்ன் பெண். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். பனிச்சறுக்குப் பலகையில் ஏறியதே ஏறத்தாழ 19 வயதில். 2010-ல் தங்கம் வென்ற லிடியா லசிலாவும் ஆஸ்திரேலிய ஜிம்னாஸ்ட்தான். 2006-ல் ஆண்கள் தங்கம் வென்ற சீனாவின் ஹான் ஷியாவ்பெங் கழைக்கூத்துப் பயிற்சியிலிருந்து வந்தவர். 2022-ல் பெய்ஜிங்கில் வென்ற ஷூ மெங்தாவ் சின்னஞ்சிறு வயதிலேயே ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்கப்பட்டவர். ஆல்ப்ஸ் மலையடியில் பிறந்து மூன்று வயதில் பலகை கட்டியவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர் இருக்க, பல்டி தெரிந்து பனி தெரியாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆஸ்திரேலியாவும் சீனாவும் தங்கம் எடுத்தன.

ஏன் என்பது இயற்பியலில் இருக்கிறது. ஏரியல்ஸ் வீரர் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்த பனிமேட்டில் ஏறி, தரையிறங்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் அளவு உயரத்துக்கு எழும்புகிறார். அந்தரத்தில் இருப்பது சுமார் 3 நொடி. பலகை மேட்டை விட்ட கணத்தில் உடலின் கோண உந்தம் முடிவாகிவிடுகிறது. அதன் பின் உந்திச் சுழலப் பிடிமானம் இல்லை. இருக்கும் உந்தத்தைப் பங்குபோட்டுச் செலவழிக்கத்தான் முடியும். உடலைச் சுருக்கினால் சுழற்சி வேகமாகும், நீட்டினால் மட்டுப்படும். பல்டியின் நடுவே ஒரு கையை மட்டும் கீழே இறக்கினால் உடல் சாய்ந்துகொடுக்கும். பல்டிக்கென்று எடுத்த உந்தத்தில் ஒரு பகுதி, தலை முதல் கால் வரை ஓடும் நெடுக்கு அச்சுக்குத் திரும்பி, உடல் முறுக்கத் தொடங்கும். 2010-ல் அமெரிக்காவின் ஜெரெட் பீட்டர்சன் மூன்று பல்டிக்குள் ஐந்து முறுக்குகளை அடைத்து வெள்ளி வென்றது இந்தக் கணக்கில்தான். காலில் கட்டிய பலகைகளின் எடை அச்சிலிருந்து தள்ளி நிற்பதால், ஜிம்னாஸ்டைவிட இவருக்குச் சுழற்சியைத் தொடக்கவும் நிறுத்தவும் கூடுதல் பாடு. இவ்வளவும் நடக்கும்போது தரை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ‘தரை எங்கே’ என்ற அறிவுதான் விலைமதிப்பற்றது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் சுழற்சியை அளக்கின்றன; இன்னும் இரு சிறு உறுப்புகள் ஈர்ப்பின் திசையைச் சொல்கின்றன. பழக்கமில்லாத உடலில் வேகச் சுழற்சி இவற்றைக் குழப்பும், கண் தடுமாறும், தலை சுற்றும். பல ஆண்டுப் பயிற்சி மூளையை மாற்றுகிறது. 2013-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பாலே நடனக் கலைஞர்களைச் சோதித்தபோது, உள்காதிலிருந்து வரும் செய்தியைப் பெறும் சிறுமூளைப் பகுதியிலேயே வேறுபாடு தெரிந்தது. சுழன்று நின்ற பிறகும் ‘சுற்றுகிறது’ என்ற உணர்வு அவர்களுக்குச் சீக்கிரம் அடங்கிவிட்டது. ஜிம்னாஸ்டும் டைவரும் இத்தகைய பழக்கத்தைச் சிறுவயதிலேயே உடலில் ஏற்றிக்கொண்டவர்கள். இருபது வயதில் அதைப் புதிதாக ஏற்றுவதைவிட, நேராகச் சறுக்கி வந்து மேட்டில் ஏறும் அளவுக்குப் பனிச்சறுக்கு கற்பது எளிது. ஏரியல்ஸில் பலகை செய்ய வேண்டியது அவ்வளவுதான்: நேராக வா, இறங்கியதும் நேராகப் போ.

பந்தய வீரருக்கு இன்னொரு தடையும் உண்டு, அது அவர் திறமையிலிருந்தே வருகிறது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் வெங்கன் ஓட்டத்தில் பிரான்ஸின் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டார். அப்படிப்பட்ட வேகத்தில் ஒரு மேடு வந்தால், அது தூக்கியெறிவதற்கு முன்பே முழங்காலை இழுத்துக்கொண்டு, முடிந்த அளவு குறைவாக அந்தரத்தில் இருந்துவிட்டுப் பனியைத் தொட வேண்டும். காற்றில் இருக்கும் நேரம் இழந்த நேரம். காற்றில் உடல் சுழலத் தொடங்கினால் அது விபத்தின் முதல் அறிகுறி. எனவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவர் உடல் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறது: சுழற்சி தெரிந்தால் உடனே அடக்கு. ஃப்ரீஸ்டைல் அதே மேட்டின் விளிம்பில் ‘சுழலத் தொடங்கு’ என்கிறது. சிந்தனை ஒப்புக்கொண்டாலும் தசை ஒப்புக்கொள்ளாது. முன்பு கற்றது புதியதைக் கெடுக்கும் இந்த நிலைமைக்கு எதிர்மறைப் பெயர்ச்சி என்று பெயர். ஒன்றுமே தெரியாதவரைவிட நன்றாகத் தெரிந்தவர் பின்தங்கும் இடம் இது.

இங்கே ஒருவர் செக் நாட்டின் எஸ்தர் லெடெக்காவைக் காட்டி மறுக்கலாம். 2018 பியோங்சாங்கில் அவர் ஸ்கீயில் சூப்பர்-ஜி தங்கம் வென்றார், அதுவும் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில். ஒரு வாரம் கழித்து, இரு காலும் ஒரே பலகையில் நிற்கும் ஸ்னோபோர்டிலும் தங்கம். கருவியே மாறுகிறதே! ஆனால் அவர் ஸ்னோபோர்டில் வென்றது பாரலல் ஜயன்ட் ஸ்லாலம், கொடிக்கம்புகளைச் சுற்றி இறங்கும் பந்தயம். கால்கள் நிற்கும் கோணம் மாறினாலும் உடலிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: ஓரத்தை அழுத்து, கோட்டைத் தேர்ந்தெடு, வேகத்தை விடாதே. தார்ன்டைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். கருவி ஒன்றாக இருந்தும் ஏரியல்ஸில் ஜிம்னாஸ்ட் முந்துகிறார். கருவி வேறாக இருந்தும் லெடெக்கா வெல்கிறார். உடல் சுமந்து செல்வது விளையாட்டின் பெயரையோ கருவியையோ அல்ல, ஏற்கெனவே தீர்த்துவைத்த சிக்கல்களை.

இனி நம் ஊருக்கு வரலாம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே போனால் கோவளம். அங்கே மீனவரான மூர்த்தி மேகவன் தானாகவே அலையில் ஏறிப் பழகி, பிறகு அருண் வாசுவோடு சேர்ந்து 2012-ல் சர்ஃபிங் பள்ளியை நிறுவினார். குப்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் அத்தனை சீக்கிரம் தேறியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். அலை எங்கே உடையும், எதை விட்டு எதைப் பிடிக்க வேண்டும், கட்டுமரத்தையோ ஃபைபர் படகையோ எந்தக் கணத்தில் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. சர்ஃபிங்கில் பலகைமேல் எழுந்து நிற்பது சில நாளில் வரும்; அலையைப் படிப்பது ஆண்டுகள் எடுக்கும். கடினமான பாதியை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள்.

இன்னும் தெற்கே மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி. மீனவக் குடும்பத்துச் சிறுமி, வெறுங்காலோடு சரிவுமேடையில் ஸ்கேட்போர்டு ஓட்டும் படம் உலகெங்கும் பரவியது. புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்கும் அதைப் பகிர்ந்தார். சாஷா ரெயின்போ அவரைப் பற்றி எடுத்த ‘கமலி’ குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே கமலி பின்னாளில் கடலில் பலகையோடு இறங்கி, தேசிய அளவில் அலைச்சறுக்குப் பட்டங்கள் வென்றார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்திலேயே நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். தரைப்பலகையும் கடற்பலகையும் இவ்வளவு நெருக்கமா என்றால், ஆம், பிறப்பிலேயே நெருக்கம். 1950-களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள் அலை இல்லாத நாட்களில் தெருவில் ஓட்டப் பலகையில் சக்கரம் பூட்டியதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்கேட்போர்டு. இரண்டிலும் உடல் பக்கவாட்டில் நிற்கும். இரண்டிலும் வளைந்த பரப்பில் முழங்காலை மடக்கி, சரியான இடத்தில் விரித்து, மிதிக்காமலேயே வேகம் கூட்டுவது: ஊஞ்சலில் எழுந்தும் உட்கார்ந்தும் வீச்சைக் கூட்டுகிற அதே ஆற்றல் கணக்கு. ஜப்பானின் அயுமு ஹிரானோ 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஸ்கேட்போர்டு பார்க் பிரிவில் 14-வது இடம் பெற்று, ஆறே மாதத்தில் பெய்ஜிங்கில் ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் தங்கம் வென்றதும் இந்தப் பாலத்தின் மேல் நடந்துதான்.

அப்படியானால் ஸ்பீடு ஸ்கேட்டரின் கால் எங்கே போகும்? பனிக்கட்டிக்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓகாலா என்று ஒரு வெப்பமான ஊர். ஐஸ் மைதானத்துக்குப் பேர்போன ஊர் அல்ல. சக்கர ஸ்கேட்டிங்கில்தான் கெட்டி. அங்கே சக்கரத்தில் வளர்ந்த ஜோயி மேன்டியா, பிரிட்டனி போ, எரின் ஜாக்சன் மூவரும் ஐஸ் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள். ஜாக்சன் பனிக்கட்டியில் சில மாதங்களே பழகி 2018 அணியில் இடம்பிடித்தார், 2022-ல் 500 மீட்டர் தங்கம். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் சக்கரத்திலிருந்து வந்து அதே ஆண்டு, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் மாஸ் ஸ்டார்ட்டில் தங்கம் எடுத்தார். இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நீளமாக உதைத்து, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதில் சக்கரத்துக்கும் கத்திக்கும் பெரிய பேதம் இல்லை. ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆனந்த்குமார் இடம்பெற்ற ஆண்கள் அணியும் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜ் இடம்பெற்ற பெண்கள் அணியும் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றன. அப்படிப்பட்ட கால்களை ஒரு நல்ல ஐஸ் தளத்தில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஓகாலாவின் வெயில் நம் வெயிலுக்கு ரொம்பத் தூரத்து உறவு அல்ல.

சரிவுமேடைக்கு அதே கால் போனால் முதலில் தடுமாறும். ஸ்பீடு ஸ்கேட்டர் ஓடுவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். ஆண்டுக்கணக்கில் இடப்பக்க வளைவு மட்டுமே போட்ட இடுப்பும் கணுக்காலும் அவருடையவை. உடல் முன்னோக்கி நிற்கும், ஸ்கேட்போர்டில் அது பக்கவாட்டில் நிற்க வேண்டும். தரையை விடக் கூடாது என்பது அவருக்கும் பனிப்பந்தய வீரருக்கும் பொதுவான பழக்கம். தொடை வலுவும் மூச்சும் வேகத்துக்கு அஞ்சாத மனமும் நிச்சயம் கூடவே வரும். அவை பெரிய சொத்துதான். பல்டிக்கு அவை போதாது.

பல்டிக்கான விதை தென்சென்னையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் டைவிங் குளம். பத்து மீட்டர் மேடையிலிருந்து விழுபவர் ஏறத்தாழ 1.4 நொடியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார்; அதற்குள் சுழன்று, முறுக்கி, விரிந்தாக வேண்டும். ஏரியல்ஸ் வீரர்களும் கோடையில் இதைத்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக் பரப்பிய சரிவில் பலகையோடு சறுக்கி வந்து, எழும்பி, பல்டியடித்து, காற்றுக்குமிழி விட்டு மென்மையாக்கிய குளத்தில் விழுவார்கள். பனியில் செய்யப்போகும் ஒவ்வொரு வித்தையும் தண்ணீரில் பலமுறை செய்துபார்த்தது. வேளச்சேரிக் குளத்தில் முறுக்குப் பல்டி பழகும் ஒரு சிறுமி, பனியையே பார்த்திராவிட்டாலும், ஆஸ்திரியாவின் முதல்தரப் பந்தய வீரரைவிட ஏரியல்ஸ் மேட்டுக்கு அருகில் நிற்கிறாள் என்று நான் துணிந்து சொல்வேன். கேம்ப்ளின் அதற்குச் சாட்சி.

எனவே மைதான ஓரத்தில் நிற்கும் அந்தப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இது. பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதுதான் என்றால் ஸ்பீடு ஸ்கேட்டிங்கை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள் ஜிம்னாஸ்டிக்ஸோ டைவிங்கோ சேருங்கள், நல்ல பயிற்றுநர் கண்முன் மட்டும். வலப்பக்கமும் வட்டமடிக்கச் சொல்லுங்கள். சுழற்சியை அடக்கும் பழக்கம் இறுகுவதற்கு முன்பே சுழற்சியை ஆளும் பழக்கமும் உடலில் இடம்பிடிக்கட்டும். பதினெட்டு வயதில் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் முன்னணியில் இருக்கும் ஒருவர் ஸ்கேட்போர்டுக்கு மாற விரும்பினால், மெத்தையும் ஸ்பஞ்சுக் குழியும் உள்ள இடத்தில் முதல் ஓராண்டை அந்தரத்துக்கென்றே ஒதுக்கச் சொல்வேன். அந்த ஓராண்டில் அவருக்குப் பக்கத்தில் பயிலும் பத்து வயது ஜிம்னாஸ்ட் அவரைவிட வேகமாக முன்னேறுவாள், அதில் வருந்த ஒன்றுமில்லை. அவளால் ஆயிரம் மீட்டரை அவர் ஓடுகிற மாதிரி ஓட முடியாது.